அந்தத் தரையைப் பதிச்ச ஆக்கள் யார்?



போன வாரம் ரோமர் பற்றிப் படிப்பிக்கும்போது நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து பிள்ளைகளுக்குச் சில படங்களைக் காட்டினோம். இத்தாலியின் சிசிலித் தீவில், பியாற்சா ஆர்மெரினா என்ற ஊருக்குக் கிட்ட உள்ள ஒரு ரோமப் பணக்காரரின் மாளிகை அது. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. இன்று சுவர்கள் பாதி இல்லை. ஆனால் தரை இருக்கிறது. சுமார் 3,500 சதுர மீற்றர் தரையில், சின்னச் சின்ன வண்ணக் கற்களால் பதித்த படங்கள். ஏறக்குறைய 60 மீற்றர் நீளமான ஒரு நடைபாதை முழுக்க, காட்டு மிருகங்களைப் பிடித்துக் கப்பலில் ஏற்றும் காட்சி. இன்னோர் இடத்தில் பறவைகள் பூட்டிய தேர்களைச் சிறுவர்கள் ஓட்டுகிறார்கள். அதைக் கண்டு வகுப்பே சிரித்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், இந்தத் தரையைப் பதிச்ச ஆக்கள்ட பேர் என்ன?"

எங்களிடம் பதில் இல்லை. வட ஆபிரிக்காவிலிருந்து வந்த கைவினைஞர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெயர்கள் இல்லை. மாளிகையின் சொந்தக்காரர் யார் என்பதிலேயே இன்னும் ஒருமித்த முடிவில்லை.

இன்னொன்றும் சொன்னோம். 827இல் முஸ்லிம்கள் சிசிலிக்கு வந்தார்கள். அவர்கள் காலத்திலும் இந்த இடிபாடுகளுக்கு மேல் மக்கள் குடியிருந்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் மண் சரிந்து எல்லாவற்றையும் மூடியது. அந்த மண்தான் தரையைக் காப்பாற்றியது. 1950களில் பெருமளவு தோண்டி எடுத்தார்கள். 1997இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

வீட்டுக்கு வந்தும் அந்தப் பிள்ளையின் கேள்வி எங்களை விடவில்லை. நம்முடைய பழைய பள்ளிவாசலை உடைத்துப் புதிதாகக் கட்டினோமே, அந்த ஹவுளைக் கட்டிய மேசன்மார் யார்? தூண்களைச் செதுக்கியது யார்? உடைக்கும்போது நாங்களும் அங்கேதான் நின்றோம். புதுக் கட்டடம் வரும் சந்தோஷத்தில் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. கற்கள் லொறியில் போயின. மண் மூடியிருந்தாலாவது ஒருநாள் தோண்டலாம். லொறியில் போனதை எங்கே தேடுவது?

கற்கள் போனாலும், பார்த்த கண்கள் இன்னும் நம் ஊரில் இருக்கின்றன. வாப்பாமார், உம்மாமார், அப்பாமார், கண்ணும்மாமார் வீட்டில் இருந்தால் தயவுசெய்து கேளுங்கள். பெயர், தொழில், ஞாபகம், பழைய படம், எதுவானாலும் சரி. எங்கள் பிள்ளைகள் கொப்பியோடு வருவார்கள், எழுதி எடுப்பார்கள்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு நம் ஊரிலாவது ஒரு பதில் இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.