மணியுடன் நீலமலைக்கு

இரயில்வே உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு ஊர் மாற்றம் பெரிய செய்தியன்று. உத்தரவு வந்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான். பெங்களூரின் இரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்த எங்களுக்கு அந்தக் காட்சி பழகிப் போன ஒன்று. காலையில் வாசலில் லாரி வந்து நிற்கும். கட்டில், பீரோ, அண்டா, துளசிச் செடித் தொட்டி எல்லாம் ஏறும். எல்லோரும் கண் கலங்க விடைபெறுவார்கள். லாரி தெருமுனை திரும்பிய பிறகு, பூட்டிய கதவின் முன் ஒரு ஜீவன் மட்டும் படுத்திருக்கும். அது அந்த வீட்டு நாய். இரண்டு நாள் யாராவது சோறு வைப்பார்கள். பிறகு அது தெரு நாய்களில் ஒன்றாகிவிடும். புதிதாகக் குடிவந்தவர்கள் கல்லெடுத்து விரட்டுவார்கள். தன் வீட்டு வாசலிலேயே அது கல்லடி படும்.

எங்கள் குடும்பம் குன்னூருக்குக் குடிபெயர முடிவு செய்தபோது முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் காட்சிதான்.

மாற்றல் நாங்களே கேட்டு வாங்கியது. பெங்களூர் இருப்பது 2003-இல் அமைந்த தென்மேற்கு இரயில்வேயில். அதற்கு ஹூப்ளி தலைமையிடம். நீலகிரி மலை இரயில் பாதையோ தெற்கு இரயில்வேயின் சேலம் கோட்டத்தைச் சேர்ந்தது. சொந்த விருப்பத்தின் பேரில் ஓர் இரயில்வேயிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் எழுத்தர், பணிமூப்புப் பட்டியலில் கடைசிப் பெயராகச் சேர வேண்டும். குடிபெயரும் செலவுக்கான படியும் கிடையாது. இத்தனையும் தெரிந்தே கேட்டோம். கடைசித் தங்கைக்கு உதகை அரசு கலைக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அவள் தமிழ் படிக்க விரும்பினாள். பெங்களூரில் தமிழைப் பாடமாக எடுத்துப் படிக்கும் பிள்ளைகளின் தொகை ஆண்டுக்காண்டு குறைந்து வருவதைச் சங்கத்து அன்பர்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது சாதி நாய் அன்று. கண்டோன்மெண்ட் நிலையத்துப் பார்சல் மேடையருகே மழையில் நனைந்து கிடந்த குட்டி. வெல்லத்தின் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் மற்றொன்று மடிந்தும் இருக்கும். ஆறாண்டுகளாக எங்கள் வீட்டில் வளர்கிறது. வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் கேட்டு வளர்ந்ததால் ‘வா’ என்றாலும் வரும், ‘பா’ என்றாலும் வரும். இட்டிலியைக் காட்டிலும் களியுருண்டையில் அதற்குப் பிரியம் அதிகம். அந்த வகையில் அது அசல் பெங்களூர்வாசி.

அம்மாவுக்கு அதை அழைத்துச் செல்வதில் விருப்பமில்லை. “அந்தக் குளிரிலே வாயில்லாப் பிராணியை ஏன் வதைக்கணும்? எதிர் வீட்டிலே விட்டுட்டுப் போகலாம். மாசாமாசம் அரிசிக்குப் பணம் அனுப்பிடலாம்” என்றார்கள். எதிர் வீட்டாரும் நல்லவர்களே. ஆயினும் அவர்களும் உத்தியோகஸ்தர்கள். நாளைக்கு அவர்களுக்கும் மாற்றல் வந்தால்? நாங்கள் மறுத்துப் பேசவில்லை. சாமான் கட்டத் தொடங்கிய நாள்முதல் மணி சோறு தின்னாமல் கட்டிய மூட்டைகளின் மேலேயே படுத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் அம்மாவே, “ஆறு வருஷம் சோறு போட்ட கை, விட்டுட்டுப் போனா அங்கே எனக்குச் சோறு இறங்குமா? அதுக்கும் ஒரு கம்பளி எடுத்து வை” என்று சொல்லிவிட்டார்கள்.

இரயிலில் நாயை அழைத்துச் செல்ல முடியுமா என்று பலர் எங்களைக் கேட்பதுண்டு. முடியும், ஆனால் எளிதன்று. குளிர்சாதன முதல் வகுப்பில் இருவர் அறையையோ நால்வர் அறையையோ முழுமையாகத் தம் பெயருக்கே பெற்றவர்கள், நாயையும் உடன் வைத்துக்கொள்ளலாம். பார்சல் அலுவலகத்தில் அதற்குத் தனியே கட்டணம் செலுத்தி, மருத்துவச் சான்றும் தடுப்பூசிச் சான்றும் காட்ட வேண்டும். தனி அறை கிடைக்குமா என்பதோ வண்டி புறப்படுமுன் பட்டியல் தயாராகும் போதுதான் தெரியும். படுக்கை வகுப்பிலும் மற்றக் குளிர்சாதன வகுப்புகளிலும் நாய்க்கு அனுமதி இல்லை. எஞ்சிய வழி, கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டு. இருட்டு, இரும்பு, சக்கரத்தின் ஓசை; நிலையத்துக்கு நிலையம் ஓடிப் போய் நீங்களே தண்ணீர் காட்ட வேண்டும். கூண்டில் ஏற்றி அனுப்பிய நாய்கள் வந்து இறங்கும் கோலத்தை மேடையில் நின்று பார்த்தவர்கள் நாங்கள். எழுத்தருக்குரிய பாஸில் முதல் வகுப்பும் இல்லை. ஆகவே இரயில்வேக்காரர்களாகிய நாங்கள் சாலை வழியே செல்வதென்று தீர்மானித்தோம். இதைக் கேட்டு அலுவலக நண்பர்கள் சிரித்தது வேறு கதை.

பெங்களூரிலிருந்து மைசூர், குண்டுலுப்பேட்டை, பந்திப்பூர், கூடலூர், உதகை வழியாகக் குன்னூர் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பந்திப்பூர்க் காட்டில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை உண்டு. 2009-இல் வந்த தடை அது. எனவே பொழுது விடியுமுன்பே பெங்களூரை விட்டுக் கிளம்பினோம். மலை ஏறுமுன் நாய்க்கு வயிறு நிறையச் சோறு போடக்கூடாது என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். வளைவுகளில் மனிதர்களைப் போலவே அவற்றுக்கும் குமட்டல் வரும். பந்திப்பூரையும் அதை அடுத்த முதுமலையையும் கடக்கும்போது வண்டியை நிறுத்தவோ நாயை இறக்கவோ கூடாது. புலிகள் காப்பகம் என்பது ஒரு காரணம். மற்றொன்று பலர் அறியாதது: ஊர் நாய்களிடமுள்ள நோய்கள், காட்டில் கூட்டமாய் வாழும் செந்நாய்களுக்குத் தொற்றினால் ஒரு கூட்டமே அழியக்கூடும். கக்கநல்லாச் சோதனைச் சாவடியில் இ-பாஸ் கேட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கெல்லாம் அது வேண்டும். மக்களின் பெயரும் தொகையும் பதிவாகியிருந்தன. ஜன்னல் வழியே மூக்கை நீட்டிய மணியைக் கண்டு காவலர், “இவருக்குப் பாஸ் இல்லையா?” என்றார். முதல் சோதனையை மணி இவ்வாறு தேறியது.

வீடு தேடிய கதைதான் கடினமானது. குன்னூரில் சமதளம் என்று ஒன்று அரிது. வீடுகள் படிக்கட்டின்மேல் படிக்கட்டாய் அடுக்கியிருக்கும். ஒருவர் வீட்டுக் கூரை மற்றவர் வீட்டு வாசலுக்கு நேராக நிற்கும். நாங்கள் முதலில் பேசி முடித்தது தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய அழகான வீடு. வாடகையும் எங்களுக்குக் கட்டுப்படியாயிற்று. முன்பணம் கொடுக்கும் நேரத்தில் வீட்டுக்காரர், “நாய் உள்ளே வரக்கூடாது. ராத்திரியில் வராந்தாவில் கட்டிப்போடுங்கள், காவலுக்கும் ஆயிற்று” என்றார். அது நியாயமாகவே பட்டது. பக்கத்துக் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த படுகர் இன மூதாட்டி ஒருவர் எங்களைக் கையசைத்து அழைத்தார். “தம்பி, இருட்டினால் நாயை வெளியே விடாதீங்க. கட்டியும் போடாதீங்க. போன மழைக்கு எங்க நாய் போச்சு. காலையிலே சங்கிலி மட்டும் கிடந்தது” என்றார்.

அவர் சொன்னது சிறுத்தைப்புலியை. 2023 நவம்பரில், தீபாவளிச் சமயத்தில், குன்னூர் புரூக்லண்ட்ஸ் பகுதியில் நாயைத் துரத்தி வந்த சிறுத்தைப்புலி ஒரு வீட்டினுள்ளேயே புகுந்துவிட்டது. மீட்கச் சென்றவர்கள் உட்படப் பலர் காயமுற்றனர். காட்டு விலங்கு ஊருக்குள் வருகிறதே என்று நாம் வியக்கிறோம். உண்மையில் ஊரே காட்டின் மடியில்தான் கிடக்கிறது. தேயிலைப் புதர்கள் சிறுத்தைக்கு நல்ல மறைவிடம். தெருவில் கொட்டும் எச்சில் குப்பையைத் தேடி நாய்கள் கூடுகின்றன. நாய்களைத் தேடிச் சிறுத்தை இறங்குகிறது. சங்கிலியில் கட்டிய நாயோ இலையில் பரிமாறிய சோறு. இமயமலையில் ஆடு மேய்க்கும் கத்தி இனத்தார் தங்கள் நாய்களின் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டையை மாட்டுவார்கள். சிறுத்தை முதலில் கவ்வுவது கழுத்தைத்தான் என்பதை அறிந்த ஏற்பாடு அது.

வீட்டுக்காரரிடம் மீண்டும் கேட்டுப் பார்த்தோம், அவர் இசையவில்லை. அவர் வீடு, அவர் விருப்பம். அந்த வீட்டை விட்டோம். பதினோரு நாள் அலைந்த பின், இரயில் நிலையத்துக்கு மேலே, அதனினும் சிறிய வீடு ஒன்று, வாடகை கூடுதலாகக் கிடைத்தது. சமையலறையில் அடுப்புக்கு அருகே மணிக்கு இடம். மாலை ஆறு மணிக்குமேல் அது வாசற்படி தாண்டுவதில்லை. பெங்களூரில் நடு இரவுவரை தெருவை ஆண்ட பிராணிக்கு இது சிறைவாசந்தான். முதல் மாதம் கதவைப் பிறாண்டிப் பிறாண்டி அழுதது. காலையிலும் சங்கிலி பிடித்துத்தான் நடத்துகிறோம். ஏனெனில் குன்னூர்த் தெருக்களில் காட்டெருமைகள் உலவுகின்றன. அவை தாமாக வம்புக்கு வருவதில்லை; நாய் குரைத்துச் சீண்டினால், நாய் ஓடிவிடும், அருகில் நிற்கும் மனிதருக்குத்தான் ஆபத்து.

நாயோடு இவ்வூருக்கு வருபவர்கள் தவறாது காண வேண்டிய கட்டடம் ஒன்று உண்டு. சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே நிற்கும் பாஸ்டர் நிலையம். பூவைப் பார்த்துவிட்டுப் போகும் பயணிகள் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை. 1885-இல் லூயி பாஸ்டர் பாரிசில் வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்ட பிறகும், தென்னிந்தியாவில் கடிபட்டவர்களுக்கு அது கிட்டவில்லை. வடக்கே கசௌலியில் 1900-இல் ஒரு நிலையம் ஏற்பட்டது. மதராஸ் மாகாணத்திலிருந்து அங்கே போய்ச் சேர நாட்கணக்கில் இரயிலில் பயணம் செய்ய வேண்டும். நோய் அதுவரை காத்திருக்குமா? 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் இளம் ஆங்கிலப் பெண் வெறிநாய்க்கடியால் மாண்டாள். அதன்பின் எழுந்த முயற்சியில், அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் வழங்கிய நன்கொடையும் சேர்ந்து, 1907-இல் குன்னூர் நிலையம் தொடங்கிற்று. அதற்கு முன் பெயர் தெரியாமல் எத்தனை ஏழைகள் மாண்டார்களோ!

நம் வீட்டுப் பெரியவர்கள், நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பயமுறுத்துவார்களே, அது ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரித்த பழைய மருந்து. இன்று அது இந்தியாவில் வழக்கில் இல்லை. செல் வளர்ப்பு முறையில் ஆக்கிய மருந்தைக் கையிலேயே நாலைந்து முறை போட்டுக்கொண்டால் போதும். கடிபட்ட உடனே காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் அப்பக்கூடாது. மணிக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவது பெங்களூரிலேயே வழக்கம். இங்கே அந்த அட்டையைப் பெட்டியின் அடியில் போடாமல் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம்.

இனி ஊரைப் பற்றிச் சிறிது. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை வந்த பற்சக்கரப் பாதை 1908-இல் உதகையை எட்டியது. மொத்தம் 46 கிலோமீட்டர். 2005-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம் பெற்றது. உலகம் புகழும் அந்த வண்டியைப் பயணிகள் படம் பிடிக்கிறார்கள். எங்களுக்கு அது தினசரிக் கணக்கேடு. இந்த மலைத்தொடரே ஒரு பெரிய கல்விச்சாலை எனலாம். லவ்டேலில் 1858-இல் தோன்றிய லாரன்ஸ் பள்ளி. வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரி. குன்னூரில் 1966 முதல் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரி. தங்கை பயிலும் உதகை அரசு கலைக் கல்லூரி 1955-இல் தொடங்கியது. கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் இருநூறு ஆண்டுகளுக்குமுன் கட்டிய ‘கல் பங்களா’ அக்கல்லூரி வளாகத்தில்தான் இருக்கிறது. 19 கிலோமீட்டர் தூரம் தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். மூடுபனி இறங்கிய மாலைகளில் அவள் வருவது எங்களுக்குத் தெரியுமுன் மணிக்குத் தெரிந்துவிடுகிறது.

தமிழ்நாட்டுக்குத் திரும்புகிறோம், இனி அந்நியம் இல்லை என்று அம்மா மகிழ்ந்திருந்தார்கள். வந்து பார்த்தால், சந்தையில் பாதிப் பேச்சு கன்னடத்தின் உடன்பிறப்பாகிய படுகு மொழி! பெங்களூரில் அம்மா முப்பதாண்டு கற்ற கன்னடம் இங்கேதான் கைகொடுத்தது. மேல் வீட்டுக்காரர் ‘பா’ என்று கூப்பிட்டதும் மணி வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. கீழ்த் தெருவில் இருப்பவர்களோ இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோருக்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் உழைத்த குடும்பங்கள். அவர்களுள் ஒரு முதியவர், கண்டிச் சீமையில் தாம் வளர்த்த நாயைக் கப்பலேற்ற முடியாமல் லயத்து வாசலில் விட்டு வந்ததை எங்களிடம் சொன்னார். அறுபது வயதைத் தாண்டிய பின்னும் அதன் பெயரை அவர் மறக்கவில்லை. மணியின் தலையைத் தடவியபடியே அந்தப் பெயரைச் சொன்னார்.

மழைக்காலத்தில் விரலிடுக்குகளில் அட்டை ஏறுகிறது. உப்புத் தண்ணீரில் கால் கழுவுகிறோம். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் என்கிறார்கள். அம்மா பழைய சால்வையொன்றை வெட்டி மணிக்குச் சட்டை தைத்திருக்கிறார்கள். ஒரு கைத்துவாரம் சிறிதாகிவிட்டதால் பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு இப்பக்கம் வரும் அன்பர்கள் இ-பாஸை முன்னதாகவே பதிந்துகொள்ளவும். நிலையத்துக்கு மேலே, படிக்கட்டுச் சந்தில், வெல்ல நிறத்து நாய் ஒன்று ஜன்னலில் தெரியும் வீடு எங்களுடையது. மாலை ஆறு மணிக்குள் வந்தால் அது வாசலில் நின்றே வரவேற்கும்.