மரப்பட்டி, கந்தகோகுல், மரநாய்

2024 பிப்ரவரியில் கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் பொது நிகழ்ச்சியொன்றில் தம் அரசு இல்லத்தின் நிலையை விவரித்தார். தேய்த்து வைத்த சட்டையும் மூடாமல் வைத்த தண்ணீரும் மச்சிலிருந்து சொட்டும் மரநாயின் சிறுநீருக்குத் தப்புவதில்லை என்பது அவர் முறையீடு. நாடெங்கும் சிரித்தார்கள். சிரிப்புக்கு மொழியும் ஒரு காரணம் எனலாம். மலையாளத்தில் அவ்விலங்கின் பெயரான ‘மரப்பட்டி’ ஒரு வசைச்சொல்லும் ஆகும். வங்காளத்தார் அதனைக் ‘கந்தகோகுல்’ என்பர். பெயரின் முன்பகுதியே மணத்தைச் சுட்டுவது. அதன் உடல்மணத்தை வாசனையரிசி வேகும் மணத்தோடு ஒப்பிடுவதும் அங்கு வழக்கம். தமிழோ ‘மரநாய்’ என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டது. அது நாயும் அன்று, பூனையும் அன்று.

வசைச்சொல்லால் அறியப்படும் உயிரை விரட்டுவோர் அதிகம் யோசிப்பதில்லை. பட்டாசு, மிளகாய்ப்புகை, நாப்தலீன் உருண்டை, கடைசியில் பொறிக்கூண்டு என்று முயற்சிகள் நீளும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இவ்விலங்குக்கும் பொருந்தும். அனுமதியின்றிப் பிடிப்பது குற்றம். சட்டத்தை விடுவோம். ஒன்றைப் பிடித்துத் தொலைவில் விட்டாலும், திறந்த இடுக்கும் பழுத்த சப்போட்டாவும் அங்கேயே இருக்கும்வரை வேறொன்று அவ்விடத்துக்கு வந்து சேரும்.

மரநாய் பகலில் உறங்கி இரவில் பழமும் எலியும் பூச்சியும் தேடுவது. அதன் இயல்பான உறைவிடங்களுள் ஒன்று மரப்பொந்து. பொந்துள்ள முதிய மரங்களை நாம் வெட்டிவிட்ட ஊர்களில், ஓட்டுக்கும் மரத்தட்டுக்கும் இடையிலான இருண்ட வெளி அதற்கு மற்றொரு பொந்து. வேட்டையாட அங்கே எலியும் உண்டு என்பதை வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

அது வரும் வழியை அடைப்பதே நிலையான தீர்வு. அந்த அடைப்பில்தான் பெருந்தவறும் நேர்கிறது. பெண் விலங்கு மச்சில் குட்டி ஈன்றிருக்கலாம். இரவில் அது இரைதேடச் சென்றபின் கொத்தனார் சிமெண்ட் பூசிவிட்டால் குட்டிகள் உள்ளேயே பட்டினியால் மடியும். தாய் வெளியே ஓடுகளைப் பிறாண்டும். சில நாளில் வீட்டார் தாங்க வேண்டிய நாற்றத்தின் முன் பழைய சிறுநீர் ஒன்றுமே இல்லை. மச்சில் கீச்சொலி கேட்டால் வேலையைத் தள்ளிப்போடுவதே முறை. குட்டிகள் வளர்ந்து தாயுடன் வெளியேறச் சில வாரங்கள் பிடிக்கும்.

அந்தக் காத்திருப்புக் காலத்தில் செய்ய வேலை இருக்கிறது. கூரையைத் தொடும் கிளைகளை வெட்டிவிடலாம். உதிர்ந்த பழங்களை மாலைக்குள் பொறுக்கலாம். குப்பைக்கூடைக்கு மூடி போடலாம். கூரையோரம் சாம்பலைத் தூவினால் மறுநாள் காலடித்தடங்கள் நுழைவாயிலைக் காட்டிக்கொடுக்கும். ஒலி அடங்கியபின் அவ்வாயிலில் கசக்கிய செய்தித்தாளைத் தளர்வாகச் செருக வேண்டும். உள்ளே ஏதேனும் இருந்தால் அதைத் தள்ளிக்கொண்டு எளிதாக வெளியேறும். தாள் தொடர்ந்து மூன்று இரவுகள் அசையாமல் இருந்தால், நான்காம் நாள் பகலில், மச்சுக்குள் ஒருமுறை விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கெட்டியான கம்பிவலையை அடித்துவிடலாம்.