வரைபடத்தில் இல்லாத லயம்

பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பும்போது கேள்வி கேட்டால் பொறாமை என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே வாயை மூடிக்கொண்ட பல குடும்பங்களை எனக்குத் தெரியும். சமதரையில் அது சரிப்பட்டு வரலாம். பதுளை மாவட்டத்து மலைச்சரிவில், ஒருவர் தன் காணிக்குள் வெட்டும் மண்ணும் திருப்பிவிடும் மழைத்தண்ணீரும் கீழே இருப்பவர் வாசலுக்குத்தான் வந்து சேரும். அதனால் இங்கே கேள்வி கேட்பது அயலவரின் கடமை என்றே நான் சொல்வேன்.

எல்ல நகரத்தைப் பாருங்கள். 1921 இல் கட்டிமுடித்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க இன்று உலகமே வருகிறது. வரட்டும். தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அதனால் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் விடுதிகள் பெருகிய வேகத்தில் வீதி அகலவில்லை. ஆட்கள் கூடும் காலத்தில் இரு பக்கமும் வான்கள் நிற்க, நடுவில் பஸ் ஊர்கிறது. நோயாளியை ஏற்றிய ஆட்டோவும் அதன் பின்னால்தான் ஊர வேண்டும்.

பண்டாரவளைப் பக்கம் நாங்கள் குடியிருக்கும் சந்துக்கும் இதே பிரச்சினை வந்தது. ஒரு விடுதிக்காரர் இன்னும் இரண்டு மாடி எழுப்பவும், வாகனத் தரிப்பிடத்தைச் சாப்பாட்டு மண்டபமாக மாற்றவும் விதிவிலக்குக் கேட்டார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் வாசிகசாலையில் கூடினோம். முதலில் எழுந்ததெல்லாம் ஹோர்ன் சத்தம், கேட்டை மறித்து நிற்கும் வான், இரவு பாட்டுச் சத்தம். நியாயமான குறைகள்தான். விடுதிக்காரர் மேசையில் வரைபடத்தை விரித்துப் பொறுமையாகப் பதில் சொன்னார். அதையும் சொல்லத்தான் வேண்டும், அவர் கெட்ட மனிதர் அல்ல.

அப்போது கீழ்த் தோட்டத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, கொழுந்துக் கறை படிந்த விரலைத் தாளின் ஓரத்தில் வைத்து, “எங்க லயம் இதுல எங்கங்க ஐயா?” என்று கேட்டார். அங்கே வெறும் வெள்ளைத் தாள். வரைபடம் காணியின் எல்லையோடு முடிந்திருந்தது. அந்த எல்லைக்குக் கீழே ஒரு கான், கானுக்குக் கீழே லயம், ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு குடும்பம். மேலே முற்றம் முழுவதும் கொங்கிறீட் போட்டால் மண் குடித்த தண்ணீரும் சேர்ந்து அந்தக் கானுக்குத்தான் பாயும். அதுவரை ஹோர்ன் சத்தத்தைப் பேசிய நாங்கள், அதன் பிறகு தண்ணீர் போகும் வழியைப் பேசினோம். இரண்டாவது மாடி கைவிடப்பட்டது. தரிப்பிடம் பாதி தப்பியது. தண்ணீரைக் குழாய் வழியாக மதகுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற நிபந்தனையோடு மீதிக்கு அனுமதி கிடைத்தது. எல்லோருக்கும் திருப்தி என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்றும் கல்யாண வீட்டில் ஒரே பந்தியில்தான் உட்காருகிறோம்.

லயத்து மக்களின் பேச்சை ஏன் முதலில் கேட்க வேண்டும் என்பதற்குக் கொஸ்லந்தை மீரியபெத்தையை விடச் சாட்சி வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போக இடம் இல்லை. நிலம் தோட்டத்துக்குச் சொந்தம், லயம் தோட்டத்துக்குச் சொந்தம், அங்கே வாழ்ந்தவர்களுக்குக் காணியும் இல்லை, ஆட்சேபனை சொல்ல ஒரு மேசையும் இல்லை. தோட்டங்களுக்குப் பிரதேச சபை சேவை செய்யத் தடையாக இருந்த சட்டமே 2018 இல்தான் திருத்தப்பட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. வர வேண்டியதுதான்.

தாமதமும் ஒரு பெரிய நட்டம். உமா ஓயா நீர்த் திட்டத்தின் சுரங்கத்துக்குள் 2014 முடிவில் தண்ணீர் பீறிட்டபோது பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017 யூனில் ஊரே கடையடைத்துத் தெருவில் இறங்கியது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதற்குள் சுரங்கம் வெகுதூரம் போய்விட்டது. தோண்டும் முன் கேட்டால் ஒரு கடிதம் போதும், தோண்டிய பிறகு ஊர்வலமே போதாது.

இன்று கேட்பதற்கு வழி இருக்கிறது. மண்சரிவு அபாயமுள்ள நம் மாவட்டத்தில் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் தேவைப்படும். அந்த அறிக்கை உண்டா, என்ன நிபந்தனை போட்டார்கள் என்று கேட்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பித்தால், தருவதா இல்லையா என்பதைப் 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். நாலு பேர் கையெழுத்துப் போட்ட கடிதத்துக்குப் பதிவு இலக்கம் வாங்குங்கள், பிரதியைப் பத்திரமாக வையுங்கள். விடுதிக்காரரைத் திட்டி ஒரு வரியும் எழுதாதீர்கள், வீதியின் அகலத்தையும் கான் போகும் திசையையும் எழுதுங்கள்.

உங்கள் தெருவில் அப்படி ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது என்று தெரிந்தால் இந்தக் கிழமையே சபைக்குப் போங்கள். போகும்போது மேட்டு வீட்டுக்காரர்கள் மட்டும் போகாதீர்கள், கீழ் லயத்திலிருந்து ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.