டன் லீரித் துறையில் ஒரு நினைவுத்தூண்

அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினுக்குத் தெற்கே ஏறக்குறைய 12 கிலோமீற்றர் தொலைவில் டன் லீரி என்னும் துறைமுகப்பட்டினம் அமைந்துள்ளது. டப்ளினிலிருந்து கடலோரமாக அங்கு செல்லும் இருப்புப்பாதை 1834 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அந்நாட்டின் முதலாவது இருப்புப்பாதை அதுவே.

புகையிரதத்தை விட்டிறங்கியதும் நம் கண்ணை முதலிற் கவர்வன, இரு கரங்கள் போலக் கடலினுள் நீண்டு கிடக்கும் கருங்கல் அலைதாங்கிகள். கிழக்குக் கரம் ஒன்றே ஒரு கிலோமீற்றருக்கும் அதிகமான நீளமுடையது. மாலை வேளைகளில் மக்கள் குடும்பமாக அதன்மீது உலாவுகின்றனர்.

இக்கரங்கள் துயரத்திற் பிறந்தவை. 1807 ஆம் ஆண்டு நவம்பரிலே, டப்ளினை விட்டுப் புறப்பட்ட இரு கப்பல்கள் புயலிற் சிக்கிக் கரையிலே மோதியுடைந்தன. ஏறக்குறைய 400 பேர் மாண்டனர். கப்பல்கள் ஒதுங்குவதற்கு ஒரு புகலிடம் வேண்டுமென்ற குரல் எழுந்தது. 1817 இல் வேலை தொடங்கிற்று. அயலிலுள்ள டோக்கி மலையின் கல்லையே வெட்டியெடுத்து வந்து கடலைத் தடுத்தனர். 1821 இல் ஆங்கில மன்னரின் வருகையையொட்டிக் கிங்ஸ்ரவுன் எனப் பெயர் மாறிய இவ்வூர், 1920 இல் தன் பழைய பெயரை மீண்டும் பெற்றது.

புகலிடம் அமைந்தும் கடலின் சீற்றம் தணிந்ததா? 1861 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் நாள் பெரும்புயலொன்று வீசியது. நிலக்கரி ஏற்றிவந்த நெப்ரியூன் முதலிய கப்பல்கள் துறைக்குள் நுழையமாட்டாமல், கிழக்கு அலைதாங்கியின் வெளிப்புறப் பாறைகளில் மோதின. ஒரு சுவருக்கு அப்பால் அமைதியான நீர், இப்பாலோ மரணம்!

துறையிலே காவற்கப்பலாக நின்ற ‘ஏஜாக்ஸ்’ கப்பலின் தலைவர் ஜோன் மக்னீல் போயிட், 1812 இல் டெரி நகரிற் பிறந்தவர். கட்டளையிட்டுவிட்டுக் கரையில் நின்றிருக்கலாம். அவர் அவ்வாறு நிற்கவில்லை. கயிறுகளுடன் தம் ஆட்களை அழைத்துக்கொண்டு, தாமே பாறைகளில் இறங்கினார். பேரலையொன்று எழுந்து அவரையும் மாலுமிகள் ஐவரையும் வாரிச் சென்றது. இளம் மாலுமிகளுக்கென 1857 இல் கைந்நூலொன்று எழுதியவர், அன்று தம் இறுதிப் பாடத்தைச் செயலாற் கற்பித்தார்.

சில வாரங்களின் பின்னரே அவருடல் கிடைத்தது. டப்ளின் மாநகர் திரண்டு வந்து, புனித பற்றிக்குப் பேராலயத்து மயானத்தில் அவரை அடக்கஞ் செய்தது. ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய சுவிப்ற் துயிலும் அப்பேராலயத்தினுள்ளே போயிட்டின் பளிங்குச் சிலை நிற்கின்றது. அவருடைய கரிய நாய் பெட்டியைப் பின்தொடர்ந்து வந்து, உணவை மறுத்துக் கல்லறையிலேயே உயிர்விட்டதென்றும், இன்றும் இரவிலே அச்சிலையின் காலடியில் அது தோன்றுவதுண்டென்றும் ஊரார் கதை சொல்வர்.

நாயின் கதையைச் சொல்லும் நாவுகள் பல. உடன் மாண்ட ஐவரை நினைப்போர் சிலரே. தலைவன் முன்சென்றது பெருமையாயின், அவனை நம்பிப் பின்சென்றோர் பெருமை எவ்வகையிற் குறைந்தது? அக்குறையை நீக்குவது, அலைதாங்கியின்மீது தலைவருக்கும் தோழர்க்கும் சேர்த்தே எழுப்பப்பட்ட கருங்கற்றூண். அங்கு செல்வோர் தூணை மட்டும் பார்த்துத் திரும்பலாகாது. சுவரின் மறுபுறத்தையும் எட்டிப் பார்த்தல் வேண்டும். அவர்கள் இறங்கிச் சென்ற பாறைகள் அங்கேதான் இருக்கின்றன.