மூச்சு விடும் கூடாரம்

பாலாற்றை ஒட்டி ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர் என்று சைக்கிளில் போகிறவருக்கு, பொழுது சாயும்போது அகலமாக வறண்டு கிடக்கும் ஆற்று மணல்தான் முதலில் கண்ணில் படும். அங்கே படுக்கக் கூடாது. தோல் பதனிடும் கழிவு இந்த ஆற்றையும் சுற்றியுள்ள கிணறுகளையும் கெடுத்த கதை உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கின் 1996 தீர்ப்புதான் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. தவிர, 2021 நவம்பரில் அதே மணல்மேல் கரைபுரள வெள்ளம் ஓடியது.

ஆகவே நான் வாணியம்பாடியில் தென்கிழக்கே திரும்பி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்கு ஏறிவிடுவேன். காட்டுக்குள் அல்ல, ஊர்க்காரர்களிடம் கேட்டு, அறுத்து முடித்த சாமைக் கொல்லையிலோ பாறைக் களத்திலோ படுக்கை. இந்த இடங்கள்தான் என் கூடாரத்தைத் தீர்மானித்தன.

விற்பவர்கள் முதலில் எடையைச் சொல்வார்கள். முக்கால் கிலோவுக்குள் அடங்கும் ஒற்றைச் சுவர்க் கூடாரங்கள் உண்டு. மலையேறுபவரின் கைத்தடியை நட்டு, சுற்றிலும் முளையடித்து இழுத்துக் கட்டினால்தான் பலவும் நிற்கும். சைக்கிள்காரனிடம் கைத்தடி ஏது? பாறையில் முளை எப்படி இறங்கும்? கம்பிகளை வளைத்துச் செருகியதும் தானாக நிற்கும் கூடாரம் கூடுதலாக அரைக் கிலோ இருந்தாலும் இங்கே அதுதான் சரி. மடித்த கம்பி முப்பது சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருந்தால் ஹேண்டில்பாரில் குறுக்காகக் கட்டலாம்.

எடையைவிடப் பெரிய விஷயத்தை ஆம்பூர் டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார். தோல் மண்டியில் வயதைக் கழித்தவர். சைக்கிளில் கட்டியிருந்த கூடாரத் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இது மூச்சு விடுமா தம்பி?” என்றார். விடாது பாய், என்றேன். பதனிட்ட தோலின் நுண்துளை வழியே வியர்வை ஆவி வெளியேறும். சிலிக்கான் பூசிய நைலானில் அதற்கு வழியில்லை. தூங்கும் ஒருவர் இரவெல்லாம் மூச்சில் விடும் நீரே சில நூறு மில்லி.

ஜவ்வாது மலைமேல் உள்ள காவலூரில் இந்த ஈரத் தொல்லை இன்னும் கடுமை. மேகமற்ற வானம் தேடி வந்த வானியலாளர் வைணு பாப்பு அங்கே வானாய்வகம் அமைத்தார். 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. அந்தத் தெளிந்த வானத்துக்குக் கூடாரத் துணி தன் சூட்டைக் கொட்டிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். தை மாத விடியலில் துணியின் உட்பக்கமெல்லாம் நீர்முத்து. ஒற்றைச் சுவராக இருந்தால் போர்வை நனையும். எனவே உள்ளே முழுக்கக் கொசுவலை, மேலே தனி விரிப்பு, இரண்டுக்கும் நடுவில் காற்றோடும் இடைவெளி என்றுதான் தேர்ந்தேன். சித்திரையில் மேல்விரிப்பை எடுக்கவே வேண்டாம்; கொசுவலை மட்டும் போதும். அடிவார ஊர்களில் அந்த மாதம் நள்ளிரவிலும் புழுங்கும்.

மேல்விரிப்புக்கு நைலானைவிட சிலிக்கான் பூசிய பாலியஸ்டர் மேல் என்பேன். நனைந்தால் நைலான் தொய்யும், பாதி இரவில் எழுந்து இறுக்க வேண்டியிருக்கும். அடித்துணியில் பாலியூரித்தேன் பூச்சு இருந்தால் ஈரத்தோடு சுருட்டி வைக்காதீர்கள். இந்தச் சூட்டில் பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும். மலையிறங்கி ஆம்பூரில் பிரியாணிக்கு உட்காரும்போது விரிப்பைச் சைக்கிள்மேல் போட்டுவைத்தால், கை கழுவி வருவதற்குள் காய்ந்திருக்கும்.