மலிவுப் பெட்டியும் பிறர் உரிமையும்

 

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் பிள்ளைகளுக்கு மார்க்கக் கல்வி கற்பித்து வருகிறேன். வீட்டிலுள்ள டிவியில் இணையக் காட்சிகளைக் காணக் கருவி வாங்கலாமா என்று பெற்றோர் அண்மைக் காலமாக அடிக்கடி கேட்கின்றனர். புதிய டிவி வாங்க இயலாத குடும்பங்களுக்கு இது நியாயமான கேள்வியே.

டிவியின் எச்டிஎம்ஐ இணைப்பில் செருகி, வைஃபையுடன் சேர்த்தால் இக்கருவி இயங்கும். கூகுளின் குரோம்காஸ்ட் 2014 இறுதியில் 2,999 ரூபாய்க்கும், அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் 2017 ஏப்ரலில் 3,999 ரூபாய்க்கும் இந்தியாவுக்கு வந்தன. ஃபயர் டிவி ஸ்டிக்கை ஃபாக்ஸ்கானின் துணை நிறுவனம் மூலம் சென்னையிலேயே தயாரிக்கப்போவதாக அமேசான் 2021-இல் அறிவித்தது. மக்காவின் நேரலைத் தொழுகையையும், ஆலிம்களின் பயான்களையும், பள்ளிப் பாடங்களையும் குடும்பத்தோடு காண உதவும் கருவியில் குறையேதும் இல்லை.

கவலைக்குரியது வேறொன்று. கூலி வேலை செய்யும் ஒரு தந்தை, "ஹஜ்ரத், ஒரு தடவை பணம் கட்டினால் எல்லாச் சேனலும் எல்லாப் படமும் காலமெல்லாம் இலவசமாம். மாதச் சந்தா கட்ட எனக்கு வசதியில்லை. அந்தப் பெட்டியை வாங்கலாமா?" என்று கேட்டார். அவருடைய நெருக்கடி எனக்குத் தெரியும். ஆயினும் வேண்டாம் என்றே கூறினேன்.

அந்த 'இலவசம்' பிறருடைய உழைப்பை அனுமதியின்றி எடுத்துத் தருவதாகும். படைப்புரிமை முதலிய உரிமைகள் ஷரீஅத்தின் பாதுகாப்புக்குரியவை, அவற்றை மீறலாகாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடித் தீர்மானித்தது. இது ஹக்குல் இபாத். உரியவர் மன்னிக்காதவரை நம்மீது கடனாகவே நிற்கும். பட்டு நெய்யும் நம் பகுதியினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பின்னரும், போலிச் சேலை அதே பெயரில் விற்கப்படும்போது கைத்தறி நெசவாளரின் வயிறு எரிகிறதல்லவா? பிறர் பொருள் விஷயத்திலும் அதே நீதிதான்.

உலக நட்டமும் உண்டு. பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகள் சிலவற்றில் தீய மென்பொருள் முன்கூட்டியே பதிக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2023-இல் வெளிப்படுத்தினர். வீட்டு இணையத்தைக் குற்றவாளிகள் பயன்படுத்த இவை வழிவிடுவதாக அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது.

ஆகவே, அறியப்பட்ட நிறுவனத்தின் கருவியையே வாங்குங்கள். சந்தா இயலாதோர்க்கு யூடியூபும், பிரசார் பாரதியின் வேவ்ஸ் செயலியும் உள்ளன. உயர்தரக் காட்சி ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை செலவழிக்கும்; கைப்பேசி இணையத்தைப் பகிர்வோர் காட்சித் தரத்தைக் குறைத்துக்கொள்வது சிக்கனம். பிள்ளைகளுக்கெனத் தனிக் கணக்கு வைத்து, பின் எண்ணால் பூட்டுங்கள். அடுத்த காட்சி தானாக ஓடும் வசதியை நிறுத்திவிடுங்கள். பாங்கு ஒலித்தால் டிவி அணையட்டும்.

நம் வீடுகளுக்குள் வருபவை யாவும் ஹலாலாகவும் பரக்கத்துள்ளவையாகவும் அமைய அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.