சிக்னலில் அணையும் புல்லட்

சென்னைப் புதுப்பேட்டையின் குறுக்குத் தெரு ஒன்றில் இருக்கிறது அந்த மெக்கானிக் கடை. உள்ளே ஒரு வண்டியை நிறுத்தினாலே இடம் நிரம்பிவிடும். அதனால் பாதி வேலை தெருவில்தான் நடக்கிறது. சுற்றிலும் வண்டிகளைப் பிரித்தெடுத்துப் பாகம் பாகமாக விற்கும் கடைகள். இங்கே பழைய புல்லட்டுகளை மட்டும்தான் பார்க்கிறார்கள். கடையை நடத்துகிறவரைத் தெருவே ‘பாய்’ என்று கூப்பிடுகிறது. அவரிடம் இரண்டு பையன்கள் தொழில் பழகுகிறார்கள்.

நான் போயிருந்த காலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் புல்லட் 350-இல் வந்து சேர்ந்தார். வார்ப்பிரும்பு இன்ஜின், வலது காலில் கியர்.

“ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்ல பாய். சிக்னல்ல ஆக்ஸிலேட்டரை விட்டு, பிரேக் புடிச்சு நிறுத்தினா பொசுக்குனு ஆஃப் ஆயிடுது. கிக் பண்ணா உடனே எடுத்துக்குது. மூணாவது சிக்னல்ல மறுபடியும் அதே கதை.”

பாய் ஸ்பேனரைத் தொடவில்லை. “காலைல எடுத்தவுடனேவா சார், வண்டி சூடான பிறகா?” என்று கேட்டார். சூடான பிறகுதான் என்றார் ஆசிரியர். “பின் பிரேக் மிதிச்சாதான் ஆஃப் ஆவுதா, முன் பிரேக் மட்டும் புடிச்சாலும் ஆவுதா?” இதை அவர் கவனித்திருக்கவில்லை. பெரிய பையனிடம் சாவியைக் கொடுத்து, “ரெண்டு விதமாவும் நிறுத்திப் பாத்துட்டு வாடா” என்று அனுப்பினார் பாய்.

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. இந்த வண்டியில் பிரேக் விளக்கின் சுவிட்ச் பின் பிரேக்கோடு மட்டுமே சேர்ந்திருக்கிறது. பொறிக்கு வேண்டிய மின்சாரம் பேட்டரியிலிருந்து காயிலுக்குப் போகிறது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது சார்ஜ் ஏறாது. பேட்டரியும் நலிந்திருந்தால், பிரேக் விளக்கு எரிகிற அந்தக் கணத்தில் காயிலுக்குப் போகும் மின்னழுத்தம் விழுந்து பொறி செத்துவிடும். கார்ப்பரேட்டரைப் பத்து முறை கழற்றிச் சுத்தம் செய்தாலும் அந்தக் கோளாறு தீராது. ஒரு கேள்வியில் ஒரு பக்கத்தையே ஒதுக்கிவிட முடியும் என்பதால்தான் பாய் அதைக் கேட்டார்.

எந்தப் பிரேக்கைப் பிடித்தாலும் அணைகிறது என்று பையன் வந்து சொன்னான். பேட்டரி மீதிருந்த சந்தேகம் போயிற்று.

அடுத்து ஐட்லிங் ஸ்க்ரூவைப் பார்த்தார். அது ஏகத்துக்கும் உள்ளே முறுக்கப்பட்டிருந்தது. இதற்கு முன் பார்த்த ஒரு கடையில் செய்து கொடுத்த ‘ரிப்பேர்’ அது. நின்றுபோகிற வண்டிக்கு ஐட்லிங்கை ஏற்றிவிட்டால் சில நாள் நிற்காமல் ஓடும். கோளாறு மட்டும் உள்ளேயே இருக்கும். கியர் விழும்போது கடகடக்கும், ஆக்ஸிலேட்டரை விட்டாலும் வேகம் இறங்காது, நெரிசலில் இன்ஜின் கொதிக்கும். இதை ரிப்பேர் என்று சொல்லிக் காசு வாங்குவது தவறு என்பதே என் எண்ணம்.

ஓடும்போது நன்றாக இருக்கிற வண்டி நிற்கும்போது மட்டும் ஏன் அணைகிறது? ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டதும் கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் ஸ்லைடு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. மெயின் ஜெட்டுக்கும் ஊசிக்கும் அப்போது வேலை இல்லை. அந்த நேரத்தில் இன்ஜினுக்குக் கிடைக்கிற பெட்ரோல், மெக்கானிக்குகள் ஸ்லோ ஜெட் என்று சொல்லும் சிறிய பித்தளைத் துண்டின் துளை வழியாகத்தான் வந்தாக வேண்டும். முடி நுழையும் அளவே உள்ள துளை அது. அதில் துளி பிசின் படிந்தாலும், நெடுஞ்சாலையில் சீறுகிற வண்டி சிக்னலில் மூச்சை விட்டுவிடும்.

பாய் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பாதி அடைத்திருந்தது. ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் குத்தி, காற்றடித்துச் சுத்தம் செய்தார். இரும்புக் கம்பியை விட்டால் பித்தளை தேய்ந்து துளை பெரிதாகிவிடும் என்று சின்னப் பையனிடம் சொல்லிக்கொண்டே செய்தார். மிதவைக் கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் கிண்ணத்தின் உலோகத்தை அரிக்கும். இன்னொன்றும் உண்டு. 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். எத்தனால் கலந்த பெட்ரோல் அதே பழைய ஜெட் வழியாக வரும்போது, காற்றைக் கணக்கிட்டால் எரிபொருள் குறைகிறது. ஏற்கெனவே விளிம்பில் ஓடிக்கொண்டிருந்த ஐட்லிங் இதில் கவிழ்ந்துவிடுகிறது.

பூட்டி ஓட்டிப் பார்த்தார்கள். முன்பைவிட நன்றாக இருந்தது. ஆனால் நன்றாகச் சூடானதும் மறுபடி அணைந்தது.

“ஏர் வாங்குது” என்றார் பாய்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கார்ப்பரேட்டர் இன்ஜினோடு சேரும் இணைப்பைச் சுற்றி எண்ணெய்க் குவளையிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டார். ஓரிடத்தில் விட்டதும் இன்ஜினின் சத்தம் மாறியது. அவர் நிமிர்ந்து பையன்களைப் பார்த்தார், இருவரும் தலையசைத்தார்கள். எனக்கு அந்த வித்தியாசம் இரண்டாம் முறை விட்டபோதுதான் காதில் விழுந்தது. எண்ணெய் இடுக்கை மூடியதும் திருட்டுக் காற்று நின்று, கலவை சரியாகி, சத்தம் சீரடைகிறது. சிலர் எண்ணெய்க்குப் பதில் பெட்ரோலைத் தெளிப்பார்கள். சூடான இன்ஜினில் தீப்பிடிக்கும் ஆபத்து அது.

கார்ப்பரேட்டரைக் கழற்றி, அதன் முகப்பில் இரும்பு ஸ்கேலை நிறுத்திப் பார்த்தபோது நடுவில் வெளிச்சம் தெரிந்தது. இரண்டு நட்டுகளையும் யாரோ வலுவாக இறுக்கி இறுக்கி முகப்பையே வளைத்திருக்கிறார்கள். மூடிய ஸ்லைடுக்குப் பின்னால் இன்ஜின் உறிஞ்சும் விசை மிக அதிகம் என்பதால் இந்த இடுக்கு நிற்கும்போதுதான் தொல்லை கொடுக்கும். ஸ்லைடு திறந்து ஓடும்போது அந்தக் காற்று ஒரு பொருட்டே அல்ல. கண்ணாடித் துண்டின்மேல் வாட்டர் பேப்பரை விரித்து, முகப்பைக் கவிழ்த்து வட்டவட்டமாகத் தேய்த்துச் சமன் செய்தான் பெரிய பையன். பொறுமை வேண்டிய வேலை. ஒருபக்கம் கை அழுந்தினால் முகப்பு சாய்ந்துவிடும்.

அவன் தேய்த்துக்கொண்டிருக்கையில் பாய் பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்ட் பெட்டியைத் திறந்தார். பாயிண்டின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தார். 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், இருந்தது. பிறகு பாயிண்டைத் திறந்து மூடும் கேமை விரலால் திருகி விட்டார். அது சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. வேகம் கூடும்போது பொறி முன்கூட்டியே விழவும், குறையும்போது பின்னுக்குப் போகவும் உள்ளே சிறு எடைகளும் ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. ஸ்பிரிங் தளர்ந்தால் ஐட்லிங்கிலேயே எடைகள் பாதி விரிந்து நிற்கும். இன்ஜின் வேகம் இறங்கும்போது பொறியும் பின்னுக்கு நகரும். அதனால் வேகம் இன்னும் இறங்கி, வண்டி நின்றுவிடும். இரண்டு புது ஸ்பிரிங்குகளைப் போட்டார்கள்.

கடைசியாக ஏர் ஸ்க்ரூ. இன்ஜின் சூடாக இருக்கும்போதுதான் அதை வைப்பார்கள். முழுக்க உள்ளே விட்டு, சுமார் ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, சத்தம் எந்த இடத்தில் உச்சத்துக்கு ஏறுகிறதோ அங்கே நிறுத்தி, அதன்பின் ஐட்லிங்கை இறக்கினார்கள். ‘டப்… டப்… டப்’ என்று ஒவ்வொரு அடியாக எண்ணும்படி நின்றது வண்டி.

சென்னையில் இந்த வண்டியின் உற்பத்திக்கு 1955-இல் வித்திடப்பட்டது. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் வீச்சு, 346 சி.சி. என்ற அந்த இன்ஜினின் அடிப்படை அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிதாக மாறவில்லை. தாத்தா காலத்து வண்டிக்கும் இன்று புதுப்பேட்டையில் பாகம் கிடைப்பது அதனால்தான். பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் 2020 ஏப்ரலில் வந்த பிறகு புல்லட்டும் கார்ப்பரேட்டரைக் கைவிட்டது. இப்போது தொழிலுக்கு வருகிற பையன்கள் பெரும்பாலும் கோளாறு காட்டும் ஸ்கேனரில் தொடங்குகிறார்கள். காதால் கேட்டுக் கோளாறு பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் இடங்கள் இப்படிப்பட்ட கடைகள்தான்.

பாய் எழுதிக் கொடுத்த சீட்டில் ஸ்பிரிங், வாஷர், லேபர் என்று மூன்றே வரிகள். காலை முழுக்கக் கேட்டும் அளந்தும் கண்டுபிடித்ததற்குத் தனி வரி இல்லை. “பாகம் மாத்தினா காசு குடுக்குறாங்க சார். மாத்தாம சரி பண்ணா, என்ன பண்ணிட்டேன்னு கேக்குறாங்க” என்றார் என்னிடம்.

உங்கள் வீட்டில் பழைய புல்லட் இருந்தால், “ஐட்லிங்கை ஏத்திக் குடுங்க” என்று கேட்காதீர்கள். எப்போது அணைகிறது, சூட்டிலா குளிரிலா, எந்தப் பிரேக்கில் என்று கவனித்துப் போய்ச் சொல்லுங்கள். கோளாறைத் தேடிய நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.